"என் கையில என்ன இருக்கு மேடம்?"

போன வாரம் தர்மபுரி பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் மேற்படிப்பு ஆலோசனைக்கு என்னிடம் வந்தது. அப்பா, அம்மா, இரண்டு முறை நீட் எழுதிய மகள், கூடவே பெரிய மாமா. பேசியதெல்லாம் மாமாதான். "ரெண்டாவது தடவை மார்க் ஏறியிருக்கு மேடம். இன்னொரு வருஷம் உட்கார்ந்தா அடிச்சிடுவா. குருப்பெயர்ச்சியும் நல்லா இருக்கு." அம்மாவின் நகை ஏற்கனவே கோச்சிங் பணத்துக்காக அடகில் இருக்கிறது. இந்த முறை நிலத்தை வைக்கலாம் என்றார். நான் பெண்ணிடம், "உனக்கு என்னம்மா தோணுது?" என்று கேட்டேன். "என் கையில என்ன இருக்கு மேடம்? கிடைக்கணும்னு இருந்தா கிடைக்கும்" என்றாள்.

அந்த அப்பாவுக்குத்தான் இந்தக் கடிதம். அண்ணா, அன்றைக்கு உங்கள் முகத்தைப் பார்த்து நாலு ஆறுதல் வார்த்தை சொல்லி அனுப்பிவிட்டேன். அது தப்பு. அதனால்தான் இதை எழுதுகிறேன். மூன்றாவது முறை நீட் வேண்டாம்.

அவளுடைய மதிப்பெண் எனக்குப் பயம் தரவில்லை, அந்தப் பதில்தான் தந்தது. பதினெட்டு, பத்தொன்பது வயதில் வரக்கூடாத பதில் அது. நடப்பது தன் செயலால் நடக்கிறதா, விதியாலும் அடுத்தவர் தயவாலும் நடக்கிறதா என்று ஒருவர் எப்படி நம்புகிறார் என்பதை அளக்க, 1966-ல் ஜூலியன் ராட்டர் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு கேள்வித்தாளை வெளியிட்டார். அதே வருடம் அங்கே பள்ளிகளைப் பற்றி ஜேம்ஸ் கோல்மன் குழுவின் பெரிய அரசு ஆய்வறிக்கை வந்தது. 'என் வாழ்க்கையில் எனக்கும் கொஞ்சம் பிடி இருக்கிறது' என்ற நம்பிக்கைக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் உள்ள தொடர்பு, பள்ளிக்கூட வசதிகள் எல்லாம் சேர்ந்ததைவிட வலுவாகத் தெரிகிறது என்று அந்த அறிக்கை சொன்னது. நம்பிக்கை இருந்ததால் நன்றாகப் படித்தார்களா, நன்றாகப் படித்ததால் நம்பிக்கை வந்ததா என்று கேட்கலாம். என் அனுபவத்தில் இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கும். ஒன்று விழுந்தால் மற்றதும் விழும். உங்கள் வீட்டில் இப்போது விழுந்துகொண்டிருக்கிறது.

'எல்லாம் உன் முயற்சியிலதான் இருக்கு' என்று மாமா அவளிடம் சொல்வதும் சரியில்லை. 2024-ல் நீட்டுக்குப் பதிவு செய்தவர்கள் 24 லட்சத்துக்கும் மேல். அப்போது நாடு முழுக்க எம்.பி.பி.எஸ். இடங்கள் ஒரு லட்சத்தைச் சற்றே தாண்டியிருந்தன. அதிலும் பாதிக்கு அருகில் தனியார் கல்லூரிகள், அங்கே மார்க் வந்தாலும் பணம் வேண்டும். இந்தக் கணக்கு அவள் கையில் இல்லை. கையில் இல்லாததை உன் கையில் இருக்கிறது என்று சொல்லிச் சொல்லி, கிடைக்காதபோது குற்றவாளி ஆக்கிவிடுகிறோம். எல்லாம் தன்னால்தான் என்று நம்புவது எப்போதும் நல்லதென்று எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று 1975-ல் ராட்டரே எச்சரித்து எழுதினார். இரண்டு வருடம் உழைத்தும் பலன் காணாத பிள்ளைக்கு மூன்றாவது வருடமும் அதையே கொடுத்தால், உழைப்புக்கும் பலனுக்கும் சம்பந்தமே இல்லை என்பதைத்தான் அவள் படிப்பாள்.

அவளுக்கு இப்போது வேண்டியது, கை வைத்தால் பலன் கண்ணுக்குத் தெரிகிற வேலை. 1976-ல் எலன் லாங்கரும் ஜூடித் ரோடினும் அமெரிக்காவில் ஒரு முதியோர் இல்லத்தில் செய்த சோதனையை அடிக்கடி நினைத்துக்கொள்வேன். ஒரு மாடியில் இருந்தவர்களிடம், 'உங்கள் காரியங்களை நீங்களே முடிவு செய்யுங்கள்' என்று சொல்லி ஆளுக்கொரு தொட்டிச் செடி கொடுத்தார்கள். தண்ணீர் ஊற்றுவது அவரவர் பொறுப்பு. இன்னொரு மாடியிலும் செடி உண்டு, ஆனால் பார்த்துக்கொள்வது நர்ஸ்கள். மூன்று வாரத்தில் முதல் மாடிக்காரர்கள் கூடுதல் சுறுசுறுப்பாக, மகிழ்ச்சியாக இருந்தார்கள்.

உங்கள் பெண்ணுக்கு அப்படி ஒரு செடி ஏற்கனவே இருக்கிறது. நீங்கள் கவனிக்கவில்லை. மாமா போன் பேச வெளியே போனபோது உங்கள் வீட்டு அக்கா சொன்னாரே, சர்க்கரை நோயில் விரல் எடுத்த பாட்டியின் செருப்பைப் பற்றி. போனில் இருந்த படத்தை அவளே காட்டினாள். பழைய யோகா பாயை வெட்டி மூன்று அடுக்காக ஒட்டி, புண் படும் இடத்தில் மட்டும் பள்ளம் எடுத்திருந்தாள். "மொத தடவை தப்பாயிடுச்சு மேடம், பாட்டி நடக்கறதப் பார்த்து மறுபடி வெட்டினேன்" என்றாள். அன்று அவள் தானாகப் பேசியது அப்போதுதான்.

இதற்கென்றே ஒரு பட்டப்படிப்பு இருக்கிறது அண்ணா. செயற்கைக் கை கால்களும் தாங்கு சாதனங்களும் செய்யும் படிப்பு, சுருக்கமாக பி.பி.ஓ. பெயரைக் கேட்டுக் கால் சென்டர் என்று நினைத்துவிடாதீர்கள். நான்கு வருடம் படிப்பு, ஆறு மாதம் பயிற்சி. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியலோடு உயிரியல் படித்தவர்கள் சேரலாம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் உள்ள மத்திய அரசு நிறுவனத்திலும் வேலூர் சி.எம்.சி.யிலும் இருக்கிறது. முட்டுக்காடு போன்ற மத்திய நிறுவனங்களுக்குத் தனி நுழைவுத் தேர்வு. முடித்தபின் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்துதான் தொழில் செய்ய முடியும்.

அங்கே என்ன செய்வார்கள்? முழங்காலுக்குக் கீழே கால் எடுத்தவர் வருகிறார். மிச்சமுள்ள காலை அளந்து, ஈரமான மாவுக்கட்டுத் துணியைச் சுற்றி அச்சு எடுப்பார்கள். அதற்குள் மாவுக் கரைசலை ஊற்றி, இறுகியதும் அந்தக் காலின் நகல் கிடைக்கும். உண்மையான வேலை அதற்குப் பிறகுதான். முழங்கால் சிப்பிக்குக் கீழே உள்ள தசைநார் எடையைத் தாங்கும், அங்கே மாவைச் சீவ வேண்டும். எலும்பு துருத்தும் இடம் தாங்காது, அங்கே மாவை ஏற்ற வேண்டும். பிறகு பிளாஸ்டிக் தகட்டை அடுப்பில் இளக்கி நகலின்மேல் போர்த்தி, காற்றை உறிஞ்சிப் படிய வைப்பார்கள். குழாயும் பாதமும் பொருத்தி, இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ளும் கம்பிகளுக்கு நடுவே அவரை நடக்க விடுவார்கள். இடுப்பு சாய்கிறதா, குதிகால் முந்துகிறதா என்று பார்த்துத் திருகாணியைத் திருப்பி, மறுபடி நடக்கச் சொல்வார்கள். பாட்டிக்கு அவள் செய்ததும் இதுதான்.

வேலூரில் டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ல் வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். 1966-ல் அங்கே தொடங்கிய மறுவாழ்வு மையம் அவர் பெயரில்தான் இருக்கிறது. நடந்தது அவர் கையில் இல்லை, மிச்சமிருந்தது அவர் கையில் இருந்தது.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். ஆரம்பச் சம்பளம் டாக்டர் சம்பளம் ஆகாது. மாவுத் தூசியில் நாள் முழுக்க நின்று வேலை செய்ய வேண்டும். கல்யாணப் பேச்சில் 'டாக்டரா?' என்று கேட்பவர்களுக்கு விளக்கிக்கொண்டிருக்க வேண்டிவரும். அதை நீங்கள் விளக்குங்கள், அவள் தலையில் போடாதீர்கள்.

பணத்தில் எனக்கு இரண்டு பேச்சு இல்லை. நிலப் பத்திரம் பீரோவை விட்டு வெளியே வரக்கூடாது. எந்தக் கல்லூரியானாலும் நான்கரை வருடத்துக்கும் ஆகும் செலவை, விடுதியோடு சேர்த்து, எழுத்தில் வாங்குங்கள். மாமா பணம் தருவதாகச் சொன்னாலும் வாங்காதீர்கள். கடனோடு முடிவெடுக்கும் உரிமையும் அவரிடம் போய்விடும்.

சென்னை கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவமனை இருக்கிறது. முன்கூட்டியே கேட்டு அனுமதி வாங்கி, செயற்கைக் கால் செய்யும் இடத்தை ஒரு நாள் அவள் பார்க்கட்டும். அக்கா கூடப் போகட்டும். நீங்களும் மாமாவும் வேண்டாம். பாட்டியின் செருப்பை மறக்காமல் எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். திரும்பி வந்ததும் எனக்குப் போன் செய்ய வேண்டியது அவள். வேண்டாம் என்று சொன்னாலும் சரி, அவளே சொல்லட்டும்.