உணவு குறையும்போது விலங்குகளின் எண்ணிக்கை மெல்லக் குறைந்து நிலைக்காமல், ஒரேயடியாகச் சரிவது ஏன்?

பாடப்புத்தக வரைபடத்தில் எண்ணிக்கை ஏறி, இடத்தின் தாங்குதிறனை, அதாவது அந்த இடத்து உணவு எத்தனை விலங்குகளைத் தாங்குமோ அந்த அளவைத் தொட்டதும் சமர்த்தாக நின்றுவிடும். நிஜத்தில் பல நேரம் அப்படி நடப்பதில்லை.

அலாஸ்காவை ஒட்டிய பெரிங் கடலில் செயின்ட் மேத்யூ என்றொரு தீவு. 1944இல் அமெரிக்கக் கடலோரக் காவல்படை அங்கே 29 ரெயின்டீர் மான்களைக் கொண்டுபோய் விட்டது. அடித்துத் தின்ன ஓநாய் கிடையாது. 1963இல் கிட்டத்தட்ட 6,000 ஆகிவிட்டன. அடுத்து வந்த குளிர்காலம் கடுமையானது. 1966இல் எண்ணிப் பார்த்தால் 42தான் மிச்சம். அதில் ஆண் ஒன்றே ஒன்று, அதற்கும் கொம்பு சரியாக வளரவில்லை.

குளிரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. பனிக்காலத்தில் அவற்றுக்குக் கைகொடுப்பது லைக்கன் என்ற கற்பாசி. அது வளர்வது ஆமை வேகம்; மேய்ந்த இடம் தேறப் பல ஆண்டுகள் ஆகும். ஆக, மான்கள் புதிதாக வளர்ந்ததை, அதாவது வட்டியை மட்டுமல்ல, ஏற்கெனவே இருந்த கற்பாசியை, அதாவது அசலையே தின்றுகொண்டிருந்தன. அசல் இருக்கும்வரை குட்டிகள் பிறந்துகொண்டேதான் இருக்கும், பற்றாக்குறை வெளியே தெரியாது. தெரியவரும்போது தாங்குதிறனே சுருங்கிப்போயிருக்கும். இந்தத் தாமதம்தான் சரிவுக்குக் காரணம்.

புல் மாதிரி சீக்கிரம் துளிர்க்கும் உணவாக இருந்திருந்தால், சரிவு இவ்வளவு மோசமாக இருந்திருக்காது என்பது என் கணிப்பு.