பழைய வேகனுக்கு அகலச் சக்கரம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என்னிடம் 1983ஆம் ஆண்டு மெர்சிடிஸ் 230 டி.இ. வேகன் இருக்கிறது. அதே கம்பெனியின் எஸ்-கிளாஸ் (டபிள்யூ 126) காரிலிருந்து கழற்றிய 7 அங்குல அகல, 15 அங்குல அலாய் வீல்கள் டயரோடு கிடைக்கின்றன. ஐந்து போல்ட் துளைகளும் ஒத்துப்போகின்றன. அப்படியே மாட்டிவிடலாமா? – வாசகர், டோர்ட்மண்ட், ஜெர்மனி

பதில்: வீல் நல்ல தேர்வு. அதிலுள்ள டயரை மட்டும் அப்படியே மாட்ட வேண்டாம். எஸ்-கிளாஸில் அந்த ரிம்மோடு வழக்கமாக வருவது 205/65 ஆர் 15 (அகலம் 205 மி.மீ., பக்கச் சுவரின் உயரம் அதில் 65 சதவீதம், ரிம் 15 அங்குலம்). உங்கள் வேகனின் பழைய அளவு 195/70 ஆர் 14. அதன் விட்டம் கணக்குப்படி 628.6 மி.மீ. 205/65 ஆர் 15-இன் விட்டம் 647.5 மி.மீ., அதாவது 3 சதவீதம் பெரிது. ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது வண்டி 103-இல் போகும் (மீட்டர் துல்லியமாக இருந்தால்). உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டும் மீட்டரை ஐரோப்பிய விதி ஏற்காது. 205/60 ஆர் 15 போட்டால் விட்டம் 627 மி.மீ.; வித்தியாசம் கால் சதவீதம்தான். 7 அங்குல ரிம்முக்கு அந்த டயர் தாராளமாகப் பொருந்தும். பழைய 14 அங்குல ஸ்டெப்னியையும் மாற்றாமல் வைத்துக்கொள்ளலாம், ஏனென்றால் இரண்டும் ஏறக்குறைய ஒரே விட்டம்.

துளை ஒத்துப்போவது முதல் படி மட்டுமே. ஐந்து துளை, 112 மி.மீ. வட்டம், நடுத்துளை 66.6 மி.மீ. என்ற அளவு மெர்சிடிஸில் எத்தனையோ மாடல்களுக்குப் பொது. சக்கரம் எங்கே போய் நிற்கும் என்பதை ஆஃப்செட்தான் தீர்மானிக்கிறது. ஹப்பில் (சக்கரத்தை மாட்டும் அச்சுத் தலையில்) ஒட்டும் முகம் ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து எத்தனை மி.மீ. வெளியே தள்ளியிருக்கிறது என்பதே அந்த எண். ரிம்மின் உள்பக்கத்தில் 'இ.டி.' என்ற எழுத்துகளோடு பொறித்திருக்கும்.

உங்கள் பழைய ரிம் 6 அங்குலம், இ.டி. 30 என்று வைத்துக்கொள்வோம். 6 அங்குலம் என்பது 152.4 மி.மீ.; அதில் பாதி 76.2. ஹப் முகத்திலிருந்து வெளிவிளிம்பு 46.2 மி.மீ., உள்விளிம்பு 106.2 மி.மீ. புதிய ரிம் 7 அங்குலம், இ.டி. 25. பாதி அகலம் 88.9, வெளியே 63.9, உள்ளே 113.9. ஆக, வெளியே 17.7 மி.மீ. நீளும், உள்ளே 7.7 மி.மீ. நெருங்கும். உங்கள் பழைய ரிம் ஐந்தரை அங்குலமாக இருந்தால் வெளியே 24, உள்ளே 14 என்று கூடும். வாங்கும் முன் இந்தக் கணக்கைத் தாளில் போட்டுப் பார்த்துவிட்டால் பணமும் மட்கார்டும் தப்பும்.

மெர்சிடிஸின் பிற்கால மாடலான டபிள்யூ 124-இன் வீல்களும் மலிவாகக் கிடைக்கும், துளையும் ஒத்துப்போகும். ஆனால் அவற்றின் ஆஃப்செட் 48–49. ஆறரை அங்குல ரிம்மை வெறுமனே மாட்டினால் உள்விளிம்பு 25 மி.மீ. உள்ளே போய் முன் சஸ்பென்ஷனை நெருங்கிவிடும். ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவே 20 மி.மீ. ஸ்பேசர் (தடித்த தட்டு) போட்டால்தான் பழைய இடத்துக்குத் திரும்பும்.

வெளியே தள்ளத் தள்ள அழகு கூடும் என்று நினைத்து இ.டி. 10, 5 என்று போகிறவர்கள் உண்டு. இந்த வண்டிக்கு அது பெரிய கெடுதல். முன் சக்கரம் திரும்பும் அச்சைத் தரை வரை நீட்டினால் டயர் தரையைத் தொடும் இடத்தின் நடுவிலேயே அது விழும்படி இதன் முன்பகுதியை வடிவமைத்திருக்கிறார்கள். ஒரு பக்கச் சக்கரம் மட்டும் மணலில் ஏறினாலும், ஒரு பக்க பிரேக் மட்டும் பலமாகப் பிடித்தாலும் ஸ்டீயரிங் கையைப் பிடித்து இழுக்காமலிருப்பது அதனால்தான். 5 மி.மீ. மாற்றத்தில் இது கெடாது. 25 மி.மீ. தள்ளினால் ஒவ்வொரு குழியும் கைக்குத் தெரியும், வீல் பேரிங்கும் சீக்கிரம் தேயும்.

இனி போல்ட். எம் 12 (12 மி.மீ. தடிமன்), 1.5 பிட்ச் (மரைகளின் இடைவெளி, மி.மீ.-இல்). மெர்சிடிஸ் ரிம்மில் போல்ட் தலை உட்காரும் இடம் உருண்டை வடிவம். வெளிக்கம்பெனி ரிம் பலவற்றுக்குக் கூம்பு வடிவம். ஒன்றின் போல்ட்டை மற்றதில் போட்டால் மெல்லிய வளையமாக மட்டுமே தொடும், ஓடஓடத் தளரும். இரும்பு ரிம்மின் போல்ட் குட்டை, அலாய் ரிம்முக்குப் போதாது. கையால் திருகும்போது இறுகும் முன் குறைந்தது ஆறரை சுற்று போக வேண்டும். முறுக்கு 110 நியூட்டன் மீட்டர், 50 கி.மீ. ஓடியதும் மறுபடி டார்க் ரெஞ்ச் வைத்துப் பாருங்கள்.

பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. ஸ்டெப்னி இரும்பு ரிம்மாக இருந்தால் அதற்கென்று ஐந்து குட்டை போல்ட்டுகளை வண்டியிலேயே வைத்திருங்கள். அலாய்க்கான நீள போல்ட்டை இரும்பு ரிம்மில் முடுக்கினால், பின் சக்கரத்தில் அதன் நுனி உள்ளே நீட்டி ஹேண்ட் பிரேக் ஷூவை இடிக்கும். எந்த போல்ட் போட்டாலும் வண்டியை இறக்கும் முன் சக்கரத்தைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள்.

ஜெர்மனியில் இந்த மாற்றத்தை ட்யூஃப் போன்ற சோதனை நிலையத்தில் காட்டிப் பதிய வேண்டும். சக்கரத்தின் மையத்துக்கு மேலே முன்பக்கம் 30 பாகை, பின்பக்கம் 50 பாகை வரை மட்கார்டு டயரின் ஓடுபரப்பை மூடியிருக்க வேண்டும் என்பது விதி. முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். 'ஹா' (H) எழுத்துள்ள பழங்கார் நம்பர் பிளேட் வைத்திருந்தாலும் கவலையில்லை. முதல் பத்து ஆண்டுக்குள் செய்திருக்கக்கூடிய மாற்றம் ஏற்கப்படும். இந்த 15 அங்குல வீல் 1985-இலேயே வந்துவிட்டது.

கேள்வி: அதே மாடல் வேகன்தான். காலியாகப் போகும்போது சத்தமில்லை. பின்னால் நான்கு மூட்டை ஏற்றினால் குழியில் இறங்கும்போது டயர் உரசுகிறது. மட்கார்டு விளிம்பை மடக்கிவிடலாமா? – வாசகர், ஸ்டுட்கார்ட்

பதில்: மடக்கும் முன் பின் சஸ்பென்ஷனைப் பாருங்கள். இந்த வேகனின் பின்பக்கம் ஸ்பிரிங்கை மட்டும் நம்பி நிற்பதில்லை. எஞ்சினில் உள்ள பம்பு எண்ணெயை அழுத்தி அனுப்ப, சுமை ஏறினாலும் உயரம் மாறாமல் அது பார்த்துக்கொள்கிறது. எஞ்சின் ஓடினால்தான் இது வேலை செய்யும். காலி வண்டியில் எஞ்சினை ஓடவிட்டுப் பின் மட்கார்டின் உயரத்தை அளந்துகொள்ளுங்கள். பிறகு 150 கிலோ ஏற்றி இரண்டு நிமிடம் காத்திருங்கள். பழைய உயரத்துக்கு எழவில்லை என்றால் எண்ணெய் அளவு, கசிவு, உயரத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு, அதை இயக்கும் சிறு கம்பி என்ற வரிசையில் பாருங்கள். உயரம் சரியாக இருந்தும் பின்பக்கம் கட்டை போலத் துள்ளினால், அதிர்ச்சியைத் தாங்கும் நைட்ரஜன் உருண்டைகள் செத்துவிட்டன என்று அர்த்தம். தொட்டியில் கம்பெனி சொன்ன எண்ணெயைத் தவிர வேறெதையும் ஊற்றாதீர்கள்.

அதெல்லாம் சரியாக இருந்தும் உரசினால், ஜாக்கியைப் பின் சஸ்பென்ஷன் ஆர்முக்குக் கீழே வைத்துச் சக்கரத்தை முழுக்க மேலே தள்ளுங்கள். விளிம்பில் களிமண் உருண்டை ஒட்டி எவ்வளவு நசுங்குகிறது என்று பாருங்கள். 10 மி.மீ. இடைவெளி இருந்தால் நிம்மதி. மடக்கித்தான் ஆக வேண்டுமென்றால் பெயின்ட்டைச் சூடாக்கி, மெல்ல மெல்லச் செய்யும் ஆளிடம் கொடுங்கள். உள்ளே வெடித்த சீலன்ட்டை அன்றே புதிதாகப் பூச வேண்டும். விட்டால் அடுத்த மழைக்காலத்தில் துரு அங்கேதான் தொடங்கும்.

டயரின் சுமை எண்ணையும் படியுங்கள். 91 என்றால் ஒரு டயருக்கு 615 கிலோ, இரண்டுக்கு 1,230. உங்கள் வண்டித் தகட்டில் பின் அச்சுக்கு எழுதியிருக்கும் சுமை அதைவிடக் குறைவாக இருக்க வேண்டும்.

கேள்வி: வால்வோ 240 வேகனுக்கு வால்வோ 850-இன் வீல் பொருந்துமா? – வாசகர், ஒஸ்லோ

பதில்: துளையும் (ஐந்து, 108 மி.மீ.) நடுத்துளையும் (65.1 மி.மீ.) ஒன்றேதான். ஆனால் 240-இன் ஆஃப்செட் 20, 850-க்கு 43. 240-இன் 15 அங்குல, 6 அங்குல அகல ரிம்மோடு ஒப்பிட்டால் 850-இன் ஆறரை அங்குல ரிம் 29 மி.மீ. உள்ளே போய் முன் ஸ்ட்ரட்டை (ஷாக் அப்சார்பர் தூணை) இடிக்கும். தனக்கென ஸ்டட் (நட் முடுக்கும் மரைக் கம்பி) உள்ள 25 மி.மீ. ஸ்பேசர் போடுவதே நல்லது. 20 மி.மீ. ஸ்பேசரில் வண்டியின் சொந்த ஸ்டட் நுனி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். ரிம்மின் பின்முகத்தில் அதற்குப் பள்ளம் இல்லாவிட்டால் ரிம் ஒட்டி உட்காராது. ஒட்டாத ரிம்மை முடுக்கி ஓட்டினால் ஸ்டட் முறியும். முன் ஹப்பின் கிரீஸ் மூடி வீலின் நடுத்துளைக்குள் தடையில்லாமல் நுழைகிறதா என்பதையும் பாருங்கள்.

கேள்வி: அகல டயர் போட்டபின் மழையில் வண்டி மிதப்பது போல இருக்கிறது. – வாசகர், எஸ்ஸன்

பதில்: அகலம் கூடினால் தண்ணீரை ஒதுக்குவது கடினம், டயர் ஓடுபரப்பின் பள்ளம் 4 மி.மீ.க்குக் கீழே போனதும் மாற்றிவிடுங்கள். பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கத்தையும் பாருங்கள். 2314 என்றால் 2014ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். பழங்காரில் டயர் தேய்வதற்குள் ரப்பர் இறுகிவிடும். பள்ளம் முழுதாக இருந்தும் ஈரத்தில் வழுக்குவதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம்.