அனுமதி இல்லாமல் இறங்கலாமா? – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

2011 மார்ச்சில் வாஷிங்டன் ரீகன் விமான நிலையத்தில் நடந்த சம்பவத்தைப் பற்றி இப்போதுதான் படித்தேன். நள்ளிரவு தாண்டிய நேரம். கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் பணியில் இருந்த ஒரே ஆள் தூங்கிவிட்டார். அடுத்தடுத்து வந்த இரண்டு பயணிகள் விமானங்கள் கோபுரத்தின் அனுமதி இல்லாமலேயே இறங்கிவிட்டன. அனுமதி இல்லாமல் ஓடுபாதையைத் தொடக் கூடாது என்பதுதானே விதி? பயணிகளின் உயிரைப் பணயம் வைக்கும் உரிமையை அந்த விமானிகளுக்கு யார் கொடுத்தது? அவர்களின் உரிமத்தைப் பறித்திருக்க வேண்டாமா?

அன்புடன்,
ஒரு வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அது போய்ச் சேர வேண்டிய இடம் விமானி அறை இல்லை என்று நினைக்கிறேன்.

முதலில் வந்த விமானம் கோபுரத்தை அழைத்தது. பதில் வரவில்லை. உடனே அது இறங்கிவிடவில்லை, மறுபடி மேலே ஏறிவிட்டது. விமானிகள் இதைக் ‘கோ-அரவுண்ட்’ என்பார்கள். ஏறிய பிறகு, அந்த வட்டார வான்வெளியை ரேடாரில் கவனிக்கும் அணுகல் கட்டுப்பாட்டு மையத்தோடு பேசினார்கள். மையத்தில் இருந்தவர்கள் கோபுரத்துக்குத் தொலைபேசியில் கூப்பிட்டுப் பார்த்தார்கள். யாரும் எடுக்கவில்லை. கோபுரத்திலிருந்து பதில் இல்லை என்பது விமானிகளுக்குச் சொல்லப்பட்டது. அதன் பிறகுதான் அந்த விமானமும் பின்னால் வந்த விமானமும் இறங்கின. தாங்கள் எங்கே இருக்கிறோம், என்ன செய்யப் போகிறோம் என்று அலைவரிசையில் அறிவித்துக்கொண்டே இறங்கினார்கள்.

இது அவர்கள் அந்த நேரத்தில் கண்டுபிடித்த வழி இல்லை. அமெரிக்காவில் பொதுப் பயன்பாட்டில் ஏறத்தாழ 5,000 விமான நிலையங்கள் இருக்கின்றன. அவற்றில் பத்தில் ஒரு பங்குக்குத்தான் கோபுரம் உண்டு. மற்ற இடங்களில் தினமும் இப்படித்தான் இறங்குகிறார்கள், இரவில் கோபுரத்தை மூடிவிடும் நிலையங்களும் பல. அங்கெல்லாம் அனுமதி என்ற பேச்சே கிடையாது. சுற்றிலும் பார், காது கொடுத்துக் கேள், உன் இடத்தைச் சொல், சந்தேகம் வந்தால் மேலே ஏறு. அவ்வளவுதான்.

அப்படியானால் கோபுரம் தரும் அனுமதியின் பொருள் என்ன? இந்த ஓடுபாதை இப்போது உனக்கு, வேறு யாருக்கும் இல்லை என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும் ஒருவர் சொல்வது. மிகப் பெரிய பாதுகாப்பு அது, நான் மறுக்கவில்லை. ஆனால் அதைச் சொல்பவரும் மனிதர்தான். 1991 பிப்ரவரி 1 அன்று லாஸ் ஏஞ்சலஸில் ஒரு போயிங் 737 முறையாக அனுமதி வாங்கித்தான் இறங்கியது. அதே ஓடுபாதையில் ஒரு சிறிய பயணிகள் விமானத்தை நிறுத்தி வைத்திருந்ததைக் கட்டுப்பாட்டாளர் மறந்துவிட்டார். 35 பேர் இறந்தார்கள். 2024 ஜனவரி 2 அன்று டோக்கியோவின் ஹனேடாவில் இறங்கிய ஏர்பஸ் விமானத்துக்கும் அனுமதி இருந்தது. ஓடுபாதையில் கடலோரக் காவல் படையின் விமானம் ஒன்று நின்றது. ஏர்பஸ்ஸில் இருந்த 379 பேரும் தப்பினார்கள். காவல் படை விமானத்தில் இருந்த ஆறு பேரில் ஐந்து பேர் இறந்தார்கள்.

ஆகவே விமானி தன்னிடம் கேட்டுக்கொள்ள வேண்டியது, அந்த ஓடுபாதையைப் பற்றி எனக்கு இப்போது என்ன தெரியும் என்பது. அனுமதி வருவது அதற்கான பதில்களில் மிக முக்கியமான ஒன்று. வாஷிங்டன் சம்பவத்தில் என்னை உறுத்துவதும் இதுதான். மற்ற விமானங்கள் எங்கே இருக்கின்றன என்பதை ரேடாரில் பார்க்க முடிந்தது. ஆனால் அந்த நேரத்தில் பராமரிப்பு வண்டி ஏதாவது ஓடுபாதையில் நின்றிருந்தால்? கட்டுப்பாட்டாளர் தூங்குவதற்கு முன்பே அனுமதி வாங்கி உள்ளே போன வண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை யார் சொல்லியிருப்பார்கள்? இந்த அபாயம் நிஜமானது. அதனால்தான் எரிபொருளும் நேரமும் இருக்கும் விமானி காத்திருப்பதை நான் பெரிதும் மதிக்கிறேன். 2025 செப்டம்பரில் கார்சிகா தீவின் அஜாசியோவில் இதே போல் கட்டுப்பாட்டாளர் தூங்கிவிட்டார். பாரிஸிலிருந்து வந்த விமானம் இறங்காமல் வானில் சுற்றிக்கொண்டிருந்தது. கீழே ஆட்கள் போய் அவரை எழுப்பிய பிறகுதான் இறங்கியது. அதற்காக வாஷிங்டனில் இறங்கியவர்கள் தவறு செய்தார்கள் என்று ஆகிவிடாது. ரேடார் மையத்தோடு பேசி, நிலைமையைத் தெரிந்துகொண்டு, அதற்கென்று இருக்கும் முறைப்படி இறங்கினார்கள்.

நான் கவலைப்படுவது வேறொரு வகையைப் பற்றி. அனுமதி வரவில்லை என்பதையே கவனிக்காமல் இறங்கிவிடுவது. வேலைப்பளுவில் அலைவரிசையைக் கோபுரத்துக்கு மாற்ற மறந்து, அணுகல் கட்டுப்பாட்டிலேயே இருந்துவிடுவார்கள். இதைத் தடுக்க விமானிகள் பலர் ஒரு பழக்கம் வைத்திருக்கிறார்கள். தரையிறங்க அனுமதி கிடைத்த பிறகுதான் மூக்குச் சக்கரத்துக்கு மேலுள்ள விளக்கைப் போடுவார்கள். கடைசி நேரத்தில் அந்தச் சுவிட்சைப் பார்த்தால் போதும், அனுமதி வந்ததா இல்லையா என்று தெரிந்துவிடும். வரவில்லையா, மேலே ஏற வேண்டியதுதான். அதில் விவாதமே இல்லை. உரிமத்தைப் பற்றிக் கேள்வி கேட்பதென்றால், ஏற முடிந்தும் ஏறாமல் போனவரிடம் கேளுங்கள்.

சரி, ஏற முடியாத நிலை என்றால்? அங்கே விதியே விமானியின் பக்கம் நிற்கிறது. விமானத்தின் இயக்கத்தில் இறுதி அதிகாரம் தலைமை விமானிக்கே என்கிறது அமெரிக்க விதி 91.3. உடனடியாகச் செயல்பட வேண்டிய அவசரத்தில், தேவையான அளவுக்கு எந்த விதியையும் அவர் மீறலாம். கேட்டால் பின்னர் எழுத்தில் விளக்கம் தர வேண்டும். ரேடியோ செத்துப்போனால், ரேடாருக்குக் குறியீட்டெண் அனுப்பும் டிரான்ஸ்பாண்டர் கருவியில் 7600 வைப்பார்கள். ரேடியோ வேலை செய்யவில்லை என்பதற்கான எண் அது. கோபுரம் விளக்கைக் காட்டிப் பேசும். விட்டுவிடாமல் எரியும் பச்சை என்றால் இறங்கலாம். மின்னும் சிவப்பு என்றால் இறங்கக் கூடாது.

விதி இவ்வளவு இடம் கொடுத்தும், அதைப் பயன்படுத்தத் தயங்கியதால் போன உயிர்கள் உண்டு. 1990 ஜனவரி 25 அன்று கொலம்பியாவிலிருந்து நியூயார்க் வந்த ஏவியாங்கா 52-ஐ மோசமான வானிலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வானில் காக்க வைத்தார்கள். எரிபொருள் தீர்ந்துகொண்டிருந்தது. விமானிகள் ‘முன்னுரிமை’ கேட்டார்கள், எரிபொருள் தீர்கிறது என்றும் சொன்னார்கள். ‘எமர்ஜென்சி’ என்ற ஒரு வார்த்தையை மட்டும் சொல்லவில்லை. முதல் முயற்சியில் இறங்க முடியாமல் மேலே ஏறினார்கள். மறுமுயற்சிக்குச் சுற்றி வரும்போது நான்கு இன்ஜின்களும் நின்றுபோயின. 158 பேரில் 73 பேர் இறந்தார்கள். இன்று சர்வதேச விதியில் இதற்கென்றே ‘மினிமம் ஃப்யூவல்’ (இனித் தாமதம் தாங்காது), ‘மேடே ஃப்யூவல்’ (எரிபொருள் அவசரநிலை) என்று வரையறுத்த சொற்கள் இருக்கின்றன. ஜெட் விமானம் இறங்கும்போது மேலும் 30 நிமிடம் பறக்கும் அளவு எரிபொருள் மிஞ்சியிருக்க வேண்டும். அதில் கை வைக்க நேரும் என்று கணக்கு சொன்னாலே ‘மேடே’ சொல்லிவிட வேண்டும். அனுமதிக்காகக் காத்து அந்த முப்பது நிமிடத்தையும் கரைக்கும் விமானியை விதி தெரிந்தவர் என்று என்னால் சொல்ல முடியாது.

கடைசியாக, தண்டனை. வாஷிங்டனில் அன்று தூங்கியவர் அனுபவமுள்ள மேற்பார்வையாளர். தொடர்ந்து நான்காவது இரவுப் பணி, அதுவும் தனி ஆளாக. தலைநகரின் விமான நிலையத்தை இரவு முழுக்க ஒரே ஒருவரின் கண்களை நம்பி விட்டிருந்தார்கள். எனக்குக் கோபம் வருவது இங்கேதான். அடுத்த மாதமே, ஏப்ரலில், அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் வான் போக்குவரத்துப் பிரிவின் தலைவர் பதவி விலகினார். ரீகன் கோபுரத்தில் இரவுக்கு இரண்டாவது ஆளைப் போட்டார்கள். இரண்டு பணிகளுக்கு இடையிலான குறைந்தபட்ச ஓய்வை எட்டு மணி நேரத்திலிருந்து ஒன்பதாக உயர்த்தினார்கள். வீட்டுக்குப் போய், சாப்பிட்டு, திரும்பி வரும் நேரத்தைக் கழித்தால் அந்த ஒன்பதில் தூங்க எவ்வளவு மிஞ்சும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.