அபோஃபிஸ் பாதை: 3 நாளா, 4 நாளா?

கேள்வி: வான்பொருள்களின் நகர்வைக் கணிக்கும் ‘ரிபவுண்ட்’ மென்பொருளில் அபோஃபிஸ் சிறுகோளின் பாதையைப் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு ஓட்டினேன். கணிப்பு ஒவ்வோர் எட்டிலும் தாவும் நேர இடைவெளி 4 நாள் என்றால் ஒரு பாதை, 3 நாள் என்றால் முற்றிலும் வேறு பாதை. எது சரி?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: இரண்டுமே இல்லை. நீங்கள் எடுத்தது, இடைவெளியை மாற்றாமல் ஓடும் ‘டபிள்யூஎச்ஃபாஸ்ட்’ முறையாக இருக்கவேண்டும். புதன் சூரியனைச் சுற்ற எடுக்கும் 88 நாளில் இருபதில் ஒரு பங்கு, அதாவது சுமார் 4 நாள், கோள்களுக்குப் போதும். அபோஃபிஸுக்குப் போதாது. 2029 ஏப்ரல் 13 அன்று (நமக்கு 14 அதிகாலை 3 மணி தாண்டிவிடும், புத்தாண்டு நேரம்) அது பூமியின் மையத்திலிருந்து சுமார் 38,000 கி.மீ. தொலைவில் கடக்கும். பூமியைச் சார்ந்து செக்கனுக்கு 6 கி.மீ. என்று வைத்தாலும் 4 நாளில் இருபது இலட்சம் கி.மீ. ஓடிவிடும். உங்கள் கணிப்பு அந்தச் சந்திப்பை ஒரே எட்டில் தாண்டிவிடுகிறது.

இடைவெளியைத் தானே சுருக்கிக்கொள்ளும் ‘ஐஏஎஸ்15’க்கு மாறுங்கள். நீண்ட ஓட்டத்துக்கு, நெருங்கிய சந்திப்பில் மட்டும் அதற்கு மாறும் ‘மெர்குரியஸ்’. முதலில் 2029 வரை மட்டும் ஓட்டி, நாசாவின் ஜேபிஎல் ஆய்வகத்தின் இணையக் கணிப்பான ‘ஹொரைசன்ஸ்’ தரும் தூரத்தோடு ஒப்பிடுங்கள். சில ஆயிரம் கி.மீ. பிசகினால் சந்திரனைப் பாருங்கள்: பூமி–சந்திரன் பொது ஈர்ப்பு மையத்தைப் பூமி என்று போட்டிருப்பீர்கள். அது பூமியின் மையத்திலிருந்து சுமார் 4,700 கி.மீ. தள்ளியிருக்கிறது. இரண்டையும் தனித்தனியே சேருங்கள். பிசகு மிகப் பெரிதென்றால் அலகில்தான் கோளாறு: ரிபவுண்டில் ஈர்ப்பு மாறிலி இயல்பாக 1, தூரத்துக்கு வானியல் அலகும் (பூமி–சூரியன் சராசரித் தூரம்) நிறைக்குச் சூரிய நிறையும் வைத்தால் ஓர் ஆண்டு 2π ஆகும்.

எல்லாம் சரியானாலும் பத்தாயிரம் ஆண்டுக்கு ஒற்றைப் பாதை கிடைக்காது. 324 நாளாக இருக்கும் அபோஃபிஸின் சுற்றுக்காலம் பூமியின் ஈர்ப்பால் 2029இல் ஓர் ஆண்டுக்கு மேல் போய்விடும். அதற்கு முந்திய சிறு பிசகும் பிறகு பெருகும். சூரிய வெப்பம் திரும்பக் கதிர்வீசும்போது எழும் யார்கோவ்ஸ்கி விளைவு ஒன்றே அரைப்பேரச்சை (நீள்வட்டப் பாதையின் நீண்ட விட்டத்தில் பாதி) ஆண்டுக்குச் சுமார் 200 மீற்றர் குறைக்கிறது. ஈர்ப்பு மட்டும் போட்ட மாதிரியில் அது இல்லை. ஆற்றல் பிழை (கணிப்பில் மொத்த ஆற்றல் மாறும் அளவு) மிகச் சிறிதாக இருக்கிறதே என்று நம்பிவிட வேண்டாம். அதை வைத்துப் பாதை சரியென்று சொல்ல முடியாது.

ஆகவே தொடக்க நிலை சற்றே வேறுபட்ட ஆயிரம் அபோஃபிஸ் நகல்களை ஓட்டுங்கள். பாதையை வரையறுக்கும் ஆறு சுற்றுப்பாதைக் கூறுகளையும் தனித்தனியே குலுக்காதீர்கள். அவை ஒன்றோடொன்று தொடர்புடையவை, பரவல் பொய்யாக ஊதிவிடும். ஜேபிஎல் சிறுபொருள் தரவுத்தளத்திலுள்ள இணைமாறுபாட்டு அணியிலிருந்து (கூறுகளின் பிழைகள் ஒன்றோடொன்று எப்படித் தொடர்புடையவை என்ற அட்டவணை) மொத்தமாக எடுங்கள். நகல்கள் பிரிந்து சிதறும் ஆண்டுவரைதான் ‘இங்கே இருக்கும்’ எனலாம். அதற்கு அப்பால் எத்தனை சூரியனில் விழுந்தன, எத்தனை கோள்களில் மோதின, எத்தனை வெளியே வீசப்பட்டன என்ற விகிதத்தை மட்டும் எழுதுங்கள்.