லேத்துக்கு வேகக் குமிழ்: டிரைவ் வாங்கும் முன் மோட்டாரைப் பாருங்கள்

கேள்வி: சூலூர் பக்கம் வீட்டுக் கொட்டகையில் நாலரை அடி பெல்ட் லேத் வைத்திருக்கிறேன். 1 ஹெச்பி சிங்கிள் பேஸ் மோட்டார், பழைய ஃபார்வர்ட்-ரிவர்ஸ் சுவிட்ச். வேகம் மாற்ற ஒவ்வொரு முறையும் பெல்ட்டைக் கழற்றி மாட்டுவது அலுப்பாக இருக்கிறது. இதே மோட்டாருக்கு விஎஃப்டி டிரைவ் (கரண்டின் ஹெர்ட்ஸை மாற்றி, ஒரு குமிழால் மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி) போடலாமா? டிஆர்ஓ (டூல் எவ்வளவு நகர்ந்தது என்று எண்ணில் காட்டும் டிஸ்ப்ளே) மாட்டவும் ஆசை. எதை முதலில் செய்வது?

பதில்: இதே மோட்டாருக்குப் போட முடியாது. கெபாசிட்டரில் கிளம்பும் சிங்கிள் பேஸ் மோட்டாரில், வேகம் எடுத்ததும் ஸ்டார்ட்டிங் வைண்டிங்கைத் துண்டிக்க ஒரு சென்ட்ரிஃப்யூகல் சுவிட்ச் இருக்கும். வேகத்தைக் குறைத்தால் அது திரும்ப ஒட்டிக்கொள்ளும். சில நொடி வேலைக்கென்று சுற்றிய வைண்டிங்கில் விடாமல் கரண்ட் ஓடினால் கருகத்தான் செய்யும். எனவே த்ரீ பேஸ் மோட்டார் வேண்டும். வீட்டு இணைப்பை மாற்றத் தேவையில்லை. 230 வோல்ட் சிங்கிள் பேஸை வாங்கி 230 வோல்ட் த்ரீ பேஸாகத் தரும் டிரைவ்கள் சாதாரணமாகக் கிடைக்கின்றன.

கோவையில் பழைய த்ரீ பேஸ் மோட்டாருக்குப் பஞ்சமில்லை. ஆனால் வாங்கும் முன் டெர்மினல் பெட்டியைத் திறந்து பாருங்கள். இந்த அளவு மோட்டார்கள் பெரும்பாலும் 415 வோல்ட்டுக்கு ஸ்டாரில் (மூன்று வைண்டிங்குகளின் ஒரு பக்க முனைகளை ஒன்றாக முடிந்து) இணைத்தவை. ஆறு முனைகளும் வெளியே வந்திருந்தால் டெல்டாவுக்கு (மூன்றையும் வளையமாகக் கோர்க்கும் இணைப்புக்கு) மாற்றிவிடலாம், 240 வோல்ட்டில் முழு பலத்தோடு ஓடும். மூன்று முனைதான் இருக்கிறதென்றால் ஸ்டார் முடிச்சு உள்ளேயே இருக்கிறது. வைண்டரிடம் கொடுத்து ஆறு முனையாக எடுக்கச் சொல்லுங்கள். அப்படியே ஸ்டாரில் ஓட்டினால் சுமார் 28 ஹெர்ட்ஸ் வரை சரியாக இருக்கும். அதற்கு மேல் டிரைவிடம் கொடுக்க வோல்ட்டேஜ் இல்லை, இழுவை குறைந்துகொண்டே போகும். ‘டிரைவ் சரியில்லை’ என்ற புகார்களில் பல இங்கேதான் பிறக்கின்றன.

1 ஹெச்பிக்குப் பதில் 1.5 ஹெச்பி மோட்டார் எடுங்கள். காரணம் உண்டு. 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே டார்க் (சுழற்றும் விசை) ஏறக்குறைய அப்படியே இருக்கும், ஆனால் பவர் வேகத்தோடு இறங்கும். 25 ஹெர்ட்ஸில் பாதிதான். மோட்டாரின் விசிறியும் மெதுவாகச் சுற்றுவதால் சூடு ஏறும். அதனால் 20 முதல் 75 ஹெர்ட்ஸ் வரை வைத்துக்கொள்வது நல்லது. 25 மிமீ மைல்ட் ஸ்டீல் கம்பியை ஹெச்எஸ்எஸ் (ஹை ஸ்பீடு ஸ்டீல்) டூலில் நிமிடத்துக்கு 25 மீட்டர் வேகத்தில் கடைய சுமார் 320 ஆர்பிஎம் போதும்; 100 மிமீ விட்டத்துக்கு அதுவே 80 ஆகிவிடும். இந்த 80-ஐக் குமிழில் தேடாதீர்கள், லேத்திலேயே இருக்கும், வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் பேக் கியரைப் போடுங்கள். பெல்ட்டை நடுப் புல்லியில் விட்டுவிட்டால் அன்றாட வேலையில் பெரும்பகுதியைக் குமிழ் பார்த்துக்கொள்ளும். மேல் வேகத்துக்கு எல்லை வைப்பது மோட்டார் அல்ல, ஸ்பிண்டில் பேரிங்கும், வேலைத்துண்டைப் பிடிக்கும் சக்கும்தான். கன்மெட்டல் புஷ்ஷில் ஓடும் பழைய லேத் என்றால் 50 ஹெர்ட்ஸைத் தாண்டவே வேண்டாம்.

அடுத்தது அந்தப் பழைய சுவிட்ச். டிரைவுக்கும் மோட்டாருக்கும் இடையில் எந்த சுவிட்சும் இருக்கக் கூடாது. ஓட்டத்தின் நடுவே திறந்தால் டிரைவின் அவுட்புட் ட்ரான்சிஸ்டர்கள் போய்விடலாம். கைக்குப் பழகிய சுவிட்ச் என்றால் வைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் ஒயர்களைக் கழற்றிவிட்டு, காண்டாக்ட்டுகளைச் சுத்தம் செய்து, டிரைவின் ஃபார்வர்ட், ரிவர்ஸ் கண்ட்ரோல் டெர்மினல்களுக்கு சிக்னலாகக் கொடுங்கள்.

ரிவர்ஸில் ஒரு ஆபத்து. மரையில் மாட்டும் சக் என்றால் சட்டென்று நிறுத்தினாலோ திருப்பினாலோ கழன்று மடியில் விழும். நிற்கும் நேரத்தை நான்கைந்து நொடியாக செட் செய்யுங்கள். அதற்காக ரிவர்ஸே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்: அங்குலத்துக்கு 4 மரை லீட் ஸ்க்ரூ (டூலை நகர்த்தும் நீள மரைத்தண்டு) உள்ள லேத்தில் மெட்ரிக் மரை வெட்டும்போது டூலை அந்தத் தண்டோடு பூட்டும் ஹாஃப் நட்டைத் திறக்காமல் ரிவர்ஸில்தான் திரும்பி வரவேண்டும். டிரைவின் உண்மையான சுகம் அங்கேதான் தெரியும். கம்பியின் விட்டம் கூடும் தோள் வரை மெதுவாக ஓட்டி நிறுத்தலாம். வேகம் மாறினாலும் பிட்ச் மாறாது, அது கியர் கணக்கு.

டிரைவுக்கு முன்னால் ஒரு கான்டாக்டர் (பட்டனால் இயங்கும் மின் சுவிட்ச்), அதற்குப் பச்சை-சிவப்பு பட்டன், கூடவே காளான் தலை எமர்ஜென்சி சுவிட்ச். கரண்ட் போய் வந்தால் லேத் தானாகக் கிளம்பாது. டிரைவே கோளாறானாலும் ஒரே அடியில் மின்சாரம் துண்டாகும். சக் ஓய்ந்து நிற்க சற்று நேரம் எடுக்கும், பரவாயில்லை. அன்றாடம் நிறுத்துவதற்கு இதைப் பயன்படுத்தாதீர்கள், அதற்கு டிரைவின் சொந்த ஸ்டாப் இருக்கிறது. பச்சை பட்டனை அழுத்தும்போது ஃபார்வர்ட்-ரிவர்ஸ் சுவிட்ச் நடுவில் இருக்கட்டும்.

டிரைவை ஹெட்ஸ்டாக்குக்கு (சக் சுழலும் தலைப்பகுதிக்கு) கீழே வைக்காதீர்கள். அதன் விசிறி வார்ப்பிரும்புத் தூளை உள்ளே இழுத்துவிடும். சுவரில், தலை உயரத்தில், மூடிய பெட்டியில் மாட்டுங்கள். சூடு வெளியேற ஃபில்டர் வைத்த வழியும் விடுங்கள். எர்த் கட்டாயம். அணைத்த பிறகும் உள்ளே கெபாசிட்டரில் 325 வோல்ட் அளவுக்கு நிற்கும், பத்து நிமிடம் கழித்து, மீட்டரில் பார்த்துவிட்டுக் கை வையுங்கள். வயரிங்கை எலக்ட்ரீஷியனிடம் விடுவதில் வெட்கம் ஒன்றுமில்லை.

டிஆர்ஓ கடைசியில். பட்ஜெட் இடித்தால் கிராஸ் ஸ்லைடுக்கு (டூலைக் குறுக்கே நகர்த்தும் பகுதிக்கு) மட்டும் ஒரு அளவு ஸ்கேல் போதும், 5 மைக்ரான் ரெசல்யூஷன் தாராளம். பேக்லாஷ் (மரையில் இருக்கும் தளர்வு) கணக்குத் தொல்லை போய்விடும். டிஸ்ப்ளேயை விட்டம் காட்டும் நிலையில் வையுங்கள், இல்லையென்றால் 0.1 எடுக்க நினைத்து 0.2 எடுத்துவிடுவீர்கள்.