சிங்கப்பூர்ல அம்மாவுக்கு சின்ன சீனியர் லிவிங் இல்லம் (வயசானவங்க தங்குற இடம்) பாக்குறோம். அம்மா நல்லா நடக்குறாங்க, தானே சாப்பிடுறாங்க, தனியா விடத்தான் பயம். என்னென்ன வசதி இருக்கான்னு கேக்கணும்?

எங்க பெரியம்மா இப்ப அந்த மாதிரி இடத்துலதான் இருக்காங்க, தரைவீடு (அடுக்குமாடியில இல்லாத தனி வீடு) ஒண்ணை மாத்தி அமைச்ச சின்ன இல்லம், அதனால தெரிஞ்சதைச் சொல்றேன்.

அம்மா நல்லா நடக்குறாங்க, தானே சாப்பிடுறாங்க, தனியா விடத்தான் பயம்னு எழுதியிருக்கீங்க. அப்ப உங்களுக்கு நர்சிங் ஹோம் தேவையில்ல. நர்சிங் ஹோம்னா எம்ஓஎச் (சுகாதார அமைச்சு) லைசென்ஸ் உண்டு, ஏஐசி (முதியோர் பராமரிப்பை ஒருங்கிணைக்கிற அரசு அமைப்பு) மூலமாப் போனா வருமானத்தைப் பாத்து மானியமும் கிடைக்கும். இந்தச் சின்ன இல்லங்க பெரும்பாலும் தனியார், காசு நம்ம பையிலேர்ந்துதான் போகும். எல்டர்ஷீல்டு, கேர்ஷீல்டுங்கிற நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீட்டுப் பணத்தையும் கணக்குல சேக்காதீங்க. குளிக்கிறது, உடுத்துறது, சாப்பிடுறது, டாய்லெட் போறது, நடக்குறது, கட்டில்லேர்ந்து நாற்காலிக்கு மாறுறது, இந்த ஆறுல மூணையாவது ஆள் துணையில்லாம செய்ய முடியாதவங்களுக்குத்தான் அது.

சுத்திக் காட்டும்போது தோட்டம், கரவோக்கே, மசாஜ் நாற்காலின்னு அழைச்சிட்டுப் போவாங்க. அதெல்லாம் இருந்துட்டுப் போகட்டும், நீங்க பாத்ரூமுக்குள்ள போங்க. நாங்க பாத்த ஒரு இடத்துல டாய்லெட் பக்கத்துல அவசரத்துக்கு இழுக்குற சிவப்புக் கயிறு இருந்துச்சு, ஆனா துடைக்கும்போது நனையுதுன்னு யாரோ அதை அழகா சுருட்டி கைப்பிடிக்கு மேல முடிச்சுப் போட்டு வச்சிருந்தாங்க, கீழ விழுந்து கிடக்குற ஆளுக்கு அது எப்படி எட்டும்? கயிறு தரை வரைக்கும் தொங்கணும். நீங்களே ஒருதரம் இழுத்துப் பாருங்க, கூச்சப்படாதீங்க, யாரு வர்றாங்க, எவ்வளவு நேரத்துல வர்றாங்கன்னு தெரிஞ்சிரும். ராத்திரி எத்தனை பேர் வேலையில இருக்காங்க, அவங்க முழிச்சிருக்குற ஷிப்டா இல்ல அங்கேயே படுத்துத் தூங்குறவங்களா, இதைக் கண்டிப்பா கேளுங்க. குளிக்கிற இடத்துல படி இருக்கக் கூடாது, ஷவர் நாற்காலி, பிடிமானக் கம்பி இருக்கணும்.

அடுத்தது சாப்பாடு, எங்க வீட்டுல பெரிய போராட்டமே இதுதான். சைவ மெனு இருக்குன்னு சொன்னாங்க, போய்ப் பாத்தா டோஃபுவும் சைவ பீஹூனும் (அரிசி நூடுல்ஸ்), பெரியம்மா ஒரு வாரம் ரொட்டி சாப்பிட்டு மைலோ குடிச்சே ஓட்டுனாங்க. ஆனா சின்ன இல்லத்துல ஒரு நல்லது, சமைக்கிற ஆள் அங்கேயே இருப்பாங்க, நேரா பேசலாம். அந்த ஃபிலிப்பினோ அக்காவுக்கு ரசம் வைக்கக் கத்துக் கொடுத்தோம், லிட்டில் இந்தியா தேக்கா மார்க்கெட்லேர்ந்து பொடி வாங்கிக் கொடுத்துருவோம், தயிரும் வாங்கி வச்சிருக்காங்க, இப்ப பக்கத்து ரூம் சீனப் பாட்டியும் அந்த ரசத்தைக் கேட்டு வாங்கிக் குடிக்கிறாங்களாம். கேட்டரிங்லேர்ந்து டப்பாவுல வர்ற இடம்னா இதெல்லாம் நடக்காது.

பேச்சுத்துணையையும் யோசிங்க. ஆக்டிவிட்டி பெரும்பாலும் மாண்டரின்லயே போகும், ரூம்ல ஒலி 96.8 தமிழ் வானொலியை எவ்வளவு நேரம்தான் கேப்பாங்க? ஏற்கனவே ஒரு தமிழ் ஆளோ, மலாய்ல பேசுற ஆளோ அங்க இருந்தா பெரிய ஆறுதல், நம்ம அந்தக் காலத்து ஆளுங்க மலாய் நல்லாவே பேசுவாங்க.

துணி துவைக்கிறது பேக்கேஜ்ல வரும், ஆனா எல்லாத்தையும் டிரையர்ல போட்டுருவாங்க, காட்டன் புடவையெல்லாம் அனுப்பாதீங்க. பாலிகிளினிக்குக்கு (அரசு மருந்தகம்) கூட ஆள் அனுப்புனா மணிக்கணக்குல தனிக் காசு, டயப்பர் தனிக் காசு, சில இடத்துல மருந்து எடுத்துக் கொடுக்கவும் தனிக் காசு. சொல்ற மாச வாடகையைக் கேட்டு முடிவு பண்ணாதீங்க, ஏற்கனவே இருக்குறவங்க ஒருத்தரோட போன மாச பில்லை, பேரை மறைச்சுட்டு, காட்டச் சொல்லுங்க.

சொந்தமா சமைச்சுப் பழகுன அம்மான்னா எச்டிபியோட (அரசு வீடமைப்புக் கழகம்) கம்யூனிட்டி கேர் அபார்ட்மென்ட்டையும் பாருங்க. 65 வயசும் அதுக்கு மேலயும் உள்ளவங்களுக்கு, புக்கிட் பாத்தோக்ல 2021ல விண்ணப்பம் திறந்தாங்க, அப்புறம் குவீன்ஸ்வேயில. வீடு சின்னதுதான், சுமார் 32 சதுர மீட்டர், ஆனா 24 மணிநேர அவசர உதவியும் ஒரு மேனேஜரும் கட்டாயப் பேக்கேஜ்லயே வந்துரும், சாப்பாடு, துணி எல்லாம் வேணும்னா சேத்துக்கலாம். 15லேர்ந்து 35 வருஷம் வரைக்கும் குத்தகை, விக்கவோ வாடகைக்கு விடவோ முடியாது. பேலட் (குலுக்கல்) போட்டு காத்திருக்கணும், உடனே வேணும்னா சரிப்படாது.

சின்ன இல்லம்தான்னு முடிவானா, அட்வான்ஸ் கட்டுறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் கேட்டுருங்க: அம்மா ஆஸ்பத்திரியில இருக்குற நாளுக்கும் காசு ஓடுமா, நடக்க முடியாம திரும்பி வந்தா வச்சுக்குவாங்களா இல்ல வேற இடம் பாத்துக்கங்கன்னு சொல்வாங்களா. வாய்ப்பேச்சா எல்லாரும் வச்சுக்குவோம்னுதான் சொல்வாங்க, அக்ரிமென்ட்ல எழுதி வாங்குங்க.