ஸ்காபரோவில் கார் ஓட்ட கொழும்பிலேயே எடுக்க வேண்டிய கடிதம்

கேள்வி: நான் வெள்ளவத்தையில் வசிக்கிறேன். 2013ஆம் ஆண்டு முதல் இலகுரக வாகனத்துக்கான சாரதி அனுமதிப்பத்திரம் வைத்திருக்கிறேன். நாள்தோறும் காரில்தான் வேலைக்குப் போய் வருகிறேன். இன்னும் இரண்டு மாதங்களில் நிரந்தர வதிவிட உரிமையுடன் குடும்பமாக ரொறன்ரோ செல்லவிருக்கிறோம். ஸ்காபரோவில் வீடு பார்த்திருக்கிறோம். இங்குள்ள அனுமதிப்பத்திரத்தை அங்கே கொடுத்துவிட்டு அவர்களுடையதை வாங்கிக்கொள்ள முடியுமா? சர்வதேச அனுமதிப்பத்திரம் எடுத்தால் ஒரு வருடம் ஓட்டலாம் என்று அண்ணா சொல்கிறார். என் தங்கை வேலை விசாவில் லண்டன் போகிறாள். அவளுக்கும் இதே விதிதானா?

பதில்: நேரடியாக மாற்றிக்கொள்ள முடியாது. ரொறன்ரோவும் ஸ்காபரோவும் இருக்கும் ஒன்ராறியோ மாகாணம் சில நாடுகளுடன் பரஸ்பர உடன்பாடு செய்திருக்கிறது. அமெரிக்கா, பிரித்தானியா, அவுஸ்திரேலியா, ஜப்பான், ஜேர்மனி போன்ற நாடுகளில் போதிய காலம் ஓட்டிய அனுபவம் உள்ளவர் தமது அனுமதிப்பத்திரத்தைக் கொடுத்து, வீதிப் பரீட்சை இல்லாமலே ஒன்ராறியோவின் முழு அனுமதிப்பத்திரத்தைப் பெறுகிறார். இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை. ஆனாலும் உங்கள் இத்தனை வருட ஓட்டம் அங்கே வீணாகிவிடாது. அட்டையை மாற்றித்தர மறுக்கும் அதே மாகாணம், நீங்கள் ஓட்டிய காலத்தைக் கணக்கில் எடுக்கத் தயாராக இருக்கிறது. அந்தக் காலத்தை எழுத்தில் நிரூபிக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. அந்த எழுத்து கொழும்பில் இருக்கிறது. நீங்கள் இன்னும் கொழும்பில் இருக்கிறீர்கள். ஆகவே இந்த இரண்டு மாதங்களும் பெறுமதியானவை.

முதலில் அண்ணா சொன்னதைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் என்னிடம் வருபவர்களில் அதிகமானோர் தடுக்கி விழுவது இங்கேதான். காலிமுகத்திடலுக்கு அருகே சேர் மாக்கான் மாக்கார் மாவத்தையில் இருக்கும் சிலோன் ஓட்டோமொபைல் அசோசியேஷன் வழங்கும் சர்வதேச அனுமதிப்பத்திரம், 1949ஆம் ஆண்டின் ஜெனீவா வீதிப் போக்குவரத்து உடன்படிக்கையின் கீழ் வருவது. அதன் வேலை, உங்கள் இலங்கை அனுமதிப்பத்திரத்தில் உள்ளதைப் பிற மொழிகளில் எடுத்துச் சொல்வது மட்டுமே. அது தனியாக எந்த உரிமையையும் தராது. மூல அட்டை கையில் இல்லாவிட்டால் அதற்கு மதிப்பும் இல்லை. ஒரு வருடம் செல்லுபடியாகும் என்று அதில் எழுதியிருப்பது உண்மைதான். ஆனால் அந்த ஒரு வருடம் சுற்றுலாவுக்கோ உறவினரைப் பார்க்கவோ போகிறவருக்கு உரியது. ஒன்ராறியோவில் குடியேறியவர் தமது வெளிநாட்டு அனுமதிப்பத்திரத்தில் 60 நாட்கள் மட்டுமே ஓட்டலாம். அறுபத்தோராம் நாள் கையில் சர்வதேச அனுமதிப்பத்திரம் இருந்தாலும் சட்டத்தின் கண்ணில் நீங்கள் அனுமதியில்லாத சாரதி. விபத்து நேர்ந்தால் காப்புறுதி நிறுவனமும் முதலில் அதைத்தான் கேட்கும். எடுத்துச் செல்லுங்கள், முதல் சில வாரங்களுக்கு உதவும்; அதை நம்பி நாட்களைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஒன்ராறியோவின் முறை மூன்று படிகள் கொண்டது. எழுத்துப் பரீட்சையில் சித்தியடைந்தால் ஜி1, முதல் வீதிப் பரீட்சைக்குப் பின் ஜி2, இரண்டாவது வீதிப் பரீட்சைக்குப் பின் முழுமையான ஜி. புதிதாக ஓட்டப் பழகுபவர் ஜி1 படியில் சாதாரணமாக 12 மாதங்களும், ஜி2 படியில் மேலும் 12 மாதங்களும் காத்திருக்க வேண்டும். வெளிநாட்டு அனுபவம் உள்ளவருக்கு இந்தக் காத்திருப்பு குறைகிறது. எவ்வளவு குறையும் என்பதை நீங்கள் சமர்ப்பிக்கும் கடிதம் தீர்மானிக்கிறது. கடந்த மூன்று வருடங்களுக்குள் 24 மாதங்களுக்கு மேற்பட்ட அனுபவம் உண்டென்று அதிகாரபூர்வக் கடிதம் காட்டினால், எழுத்துப் பரீட்சை முடிந்ததும் நேரே இறுதி வீதிப் பரீட்சைக்கே போகலாம். அதில் தவறினாலும் காத்திருக்காமல் ஜி2 வீதிப் பரீட்சைக்குப் போகலாம். கடிதம் இல்லாமல் வாய்மொழியாக, அதாவது விண்ணப்பத்தில் நீங்களே அறிவிப்பதை வைத்து, அதிகபட்சம் 12 மாத அனுபவம்தான் கணக்கில் வரும். அப்போது ஜி1 காத்திருப்பு நீங்கும். ஜி2 படியில் ஒரு வருடம் இருந்தே ஆக வேண்டும். பத்து வருடத்துக்கு மேல் ஓட்டிய ஒருவர் ஒரு தாள் இல்லாத காரணத்தால் ஒரு வருடம் இழக்கிறார்.

அந்தத் தாளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அனுமதிப்பத்திரம் வழங்கிய அதிகாரபீடமோ, அந்த நாட்டின் தூதரகமோ உத்தியோகபூர்வக் கடிதத்தாளில், ஆங்கிலத்தில் அல்லது பிரெஞ்சில் தரும் உறுதிப்படுத்தலையே ஒன்ராறியோ ஏற்கிறது. எங்களுக்கு அந்த அதிகாரபீடம் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம். சாரதி அனுமதிப்பத்திர அலுவல்கள் வெரஹெர அலுவலகத்தில் நடக்கின்றன. தலைமையகம் நாரஹேன்பிட்டியில் இருப்பதால் அங்கே போய் அரை நாளைத் தொலைத்துவிட்டுத் திரும்புகிறவர்கள் உண்டு. எந்த அலுவலகம், எந்தப் பிரிவு என்பதைத் தொலைபேசியில் கேட்டு உறுதிசெய்துகொண்டு புறப்படுங்கள். ரொறன்ரோவில் இலங்கைத் துணைத் தூதரகம் இருக்கிறதே, அங்கே போய் எடுத்துக்கொள்ளலாமே என்று தோன்றலாம். எடுக்கலாம். ஆனால் பதிவேடு இருப்பது கொழும்பில். அங்கிருந்து இங்கே கேட்டுப் பதில் வரும்வரை உங்கள் 60 நாட்கள் ஓடிக்கொண்டிருக்கும்.

கடிதம் கைக்கு வந்ததும் கவுண்டரை விட்டு நகராமல் வாசித்துப் பாருங்கள். முதன்முதலில் அனுமதிப்பத்திரம் வழங்கப்பட்ட திகதி அதில் இருக்கிறதா என்பதே முதற் கேள்வி. இலகுரக வாகனத்துக்கான அட்டை எட்டு வருடங்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுவதால், உங்கள் கையிலிருக்கும் அட்டை இரண்டாவதாக இருக்க வேண்டும். அதன் முன்பக்கத்துத் திகதியை மட்டும் பார்க்கும் ஒருவருக்கு 2013 தெரியாது. அதை அடுத்து வாகன வகுப்பு, அனுமதிப்பத்திர இலக்கம், இப்போதும் அது செல்லுபடியாகிறது, இடைநிறுத்தம் எதுவும் இல்லை என்ற விபரங்கள். என் மேசைக்கு வந்த ஒரு கடிதத்தில் எல்லாம் ஒழுங்காக இருந்தன, முதல் திகதியைத் தவிர. அந்த ஒரு வரிக்காக அவர் பயணத்துக்கு மூன்று நாட்கள் இருக்கையில் மறுபடி வரிசையில் நின்றார்.

பெயர் விடயம் தமிழர்களுக்கென்றே வாய்த்த தொல்லை. அனுமதிப்பத்திரத்தில் முதலெழுத்துகளும் பெயரும், கடவுச்சீட்டில் தகப்பனார் பெயர் முழுதாக விரிந்து குடும்பப் பெயராக, திருமணமான பெண்களுக்குச் சில ஆவணங்களில் கணவர் பெயர் என்று ஒரே ஆளுக்கு மூன்று வடிவங்கள் இருக்கும். நமக்கு அது இயல்பு. அங்கே கவுண்டரில் இருப்பவருக்கு மூன்று பேர். தேசிய அடையாள அட்டை இலக்கமும் இப்படித்தான்: ஒன்பது இலக்கங்களும் ஓர் எழுத்தும் கொண்ட பழைய இலக்கம் ஓர் ஆவணத்திலும், பன்னிரண்டு இலக்கங்கள் கொண்ட புதியது இன்னொன்றிலும் இருக்கலாம். கடிதத்தில் பெயரைக் கடவுச்சீட்டில் உள்ளபடியே எழுதித் தரும்படி விண்ணப்பிக்கும்போதே கேளுங்கள். அது முடியாவிட்டால், இரண்டு பெயர்களும் ஒருவரையே குறிக்கின்றன என்று சமாதான நீதவான் முன்னிலையில் ஆங்கிலத்தில் ஒரு சத்தியக் கடதாசி முடித்து இணைத்துக்கொள்ளுங்கள். அத்துடன் பத்தரமுல்லை சுஹுருபாயவில் உள்ள வெளிநாட்டலுவல்கள் அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் கடிதத்தை அத்தாட்சிப்படுத்திக்கொள்வது நல்லது. எல்லோரிடமும் அதைக் கேட்பதில்லை. இருந்தாலும் சந்தேகப்படும் அலுவலர் ஒருவரைச் சந்திக்க நேர்ந்தால் அந்த முத்திரை பேச்சைச் சுருக்கிவிடும்.

அட்டை காலாவதியாகும் தறுவாயில் இருந்தால், அல்லது அட்டைக்குப் பதிலாகத் தற்காலிகத் தாள் ஒன்றுதான் கையில் இருந்தால், அதை முதலில் முடியுங்கள். புதுப்பிக்க மருத்துவச் சான்றிதழ் வேண்டும். அதைத் தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவனத்தில் எடுக்க வேண்டும். இன்னொன்று, உங்கள் காருக்குக் காப்புறுதி செய்த நிறுவனத்திடம் இத்தனை வருடங்களில் இழப்பீடு கோரவில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு கடிதம் கேளுங்கள். ஒன்ராறியோவில் வாகனக் காப்புறுதிக் கட்டணம் கொழும்பிலிருந்து போகிறவரைத் திடுக்கிட வைக்கும். எல்லா நிறுவனங்களும் வெளிநாட்டு வரலாற்றை ஏற்பதில்லை, ஆனால் ஏற்கும் நிறுவனத்திடம் காட்டக் கையில் ஏதாவது இருக்க வேண்டும்.

அங்கே போன பின், பரீட்சை நிலையத்தில் கொடுக்கும் முதல் விண்ணப்பத்திலேயே முழு அனுபவத்தையும் அறிவித்துக் கடிதத்தையும் சேர்த்துக் கொடுங்கள். பிறகு சேர்க்கலாம் என்று விட்டுவிடாதீர்கள். எழுத்துப் பரீட்சையில் 40 கேள்விகள்: வீதிச் சின்னங்கள் 20, விதிகள் 20. ஒவ்வொரு பகுதியிலும் 16 சரியாக இருக்க வேண்டும். இதைத் தமிழிலும் எழுதலாம். என்றாலும் ஆங்கிலத்தில் வேலை செய்து பழகிய உங்களுக்கு ஆங்கிலத்தையே சொல்வேன்; அரசின் கைநூல் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும்தான் இருக்கிறது, மொழிபெயர்ப்பில் வரும் சொற்களைப் பரீட்சை மண்டபத்தில் முதன்முறை பார்த்து மலைப்பதில் பயனில்லை. ஆங்கிலம் வசப்படாத பெற்றோர் உடன் வந்தால் அவர்களுக்குத் தமிழ்ப் பரீட்சை பெரிய வசதி.

ஜி1 கையில் இருக்கும் நாட்களில் கவனம் வேண்டும். அது பழகுநர் அனுமதி. குறைந்தது நான்கு வருட அனுபவமுள்ள முழு அனுமதிக்காரர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். நள்ளிரவு முதல் காலை ஐந்து மணிவரை ஓட்டக்கூடாது. பயிற்றுநர் இல்லாமல் 401 போன்ற அதிவேக நெடுஞ்சாலைகளிலோ, டொன் வலி பார்க்வேயிலோ ஏறக்கூடாது. 401 ஸ்காபரோவை ஊடறுத்துப் போகிறது என்பதால் இது சின்ன விடயமில்லை.

இறுதிப் பரீட்சையில் நெடுஞ்சாலை ஓட்டமும் உண்டு. தெற்கு அதிவேக நெடுஞ்சாலையில் மணிக்கு 100 கிலோமீற்றரில் ஓடியவருக்கு வேகம் புதிதாக இராது; வலப்பக்கமாக ஓடுவதும், மற்ற வாகனங்கள் விட்டுக்கொடுக்கும் என்று எதிர்பார்த்து நுழைவதும்தான் சிக்கல். நம்மவர்கள் தவறுவது பெரும்பாலும் பழக்கத்தால். நிறுத்தற் பலகையில் நாம் வேகத்தைக் குறைத்து, இருபுறமும் பார்த்து, மெல்ல உருட்டிக்கொண்டே போய்விடுவோம். அங்கே சில்லு முற்றாக நிற்க வேண்டும், நின்றது பரீட்சகருக்குத் தெரிய வேண்டும். நான்கு பக்கமும் நிறுத்தற் பலகை உள்ள சந்தியில் முதலில் வந்தவர் முதலில் போவார். காலி வீதியில் வளர்ந்த நமக்கு அந்த மரியாதை முதலில் விளங்காது. வீதியில் ஒரு நிரையிலிருந்து அடுத்த நிரைக்கு மாறும்போது கண்ணாடியைப் பார்த்தால் போதாது, தோளுக்கு மேலாகத் தலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். சிவப்பு விளக்கு மினுக்கியபடி பாடசாலை பஸ் நின்றால், நடுவே தடுப்பில்லாத வீதியில் எதிர்த்திசையில் வருபவரும் நிற்க வேண்டும். தவறினால் முதல் முறைக்கே 400 முதல் 2,000 டொலர்வரை தண்டமும் ஆறு குறைப்புப் புள்ளிகளும் கிடைக்கும். ஓட்டத் தெரிந்தவருக்கு எதற்குப் பயிற்சி என்று நினைக்காமல் உள்ளூர்ப் பயிற்றுநருடன் மூன்று நான்கு மணித்தியாலம் செலவழியுங்கள்.

உங்கள் தங்கையின் கதை வேறு. பிரித்தானியாவும் இலங்கை அனுமதிப்பத்திரத்தை மாற்றித் தருவதில்லை. சிங்கப்பூர், ஹொங்கொங், அவுஸ்திரேலியா போன்ற நாடுகளுடையதை மாற்றும். ஆனால் அங்கே குடியிருக்கத் தொடங்கிய நாளிலிருந்து 12 மாதங்கள் நம்முடைய அட்டையிலேயே ஓட்டலாம். அதன்பின் எங்கள் அனுபவத்துக்கு எந்தச் சலுகையும் இல்லை: பழகுநர் அனுமதி, எழுத்துப் பரீட்சை, வீதிப் பரீட்சை என்று புதியவரைப் போலவே போக வேண்டும். எனவே அனுபவக் கடிதத்துக்காக அவர் வெரஹெரவில் மினக்கெட வேண்டியதில்லை. பழகுநர் அனுமதிக்கு இணையத்தில் விண்ணப்பித்தால் 34 பவுண். எழுத்துப் பரீட்சைக்கு 23. வார நாளில் வீதிப் பரீட்சைக்கு 62. எழுத்துப் பரீட்சை ஆங்கிலத்திலும் வெல்ஷ் மொழியிலும் மட்டுமே. 50 கேள்விகளில் 43 சரியாக வேண்டும், அத்துடன் வீதி ஆபத்துகளைக் காணொளியில் இனங்காணும் பகுதியில் 75க்கு 44 எடுக்க வேண்டும்.

பலர் அறியாத ஒன்று: அந்த 12 மாதங்களுக்குள் பழகுநர் அனுமதியை எடுத்தால், அந்த 12 மாதங்கள் முடியும்வரை பழகுநருக்கான கட்டுப்பாடுகள் அவரைப் பிடிக்காது; தனியாகவே ஓட்டலாம். ஆகவே தாமதிக்கக் காரணமே இல்லை. வீதிப் பரீட்சைக்குத் திகதி கிடைக்கப் பல மாதங்கள் செல்வதுண்டு. பத்தாவது மாதத்தில் விண்ணப்பிப்பவர் பன்னிரண்டாவது மாதம் முடிந்தும் காத்திருப்பார், அப்போது காரைத் தனியே எடுக்க முடியாது. போய் இறங்கிய முதல் மாதத்திலேயே தொடங்கச் சொல்லுங்கள். தானியங்கி கியர் காரில் சித்தியடைந்தால் அந்த வகைக் கார் மட்டுமே ஓட்டலாம் என்பதால், எந்தக் காரில் பரீட்சைக்குப் போவது என்பதையும் முன்பே தீர்மானிக்கட்டும்.